கூச்சம் காட்டாத கை

ஆயா முதல் நாள் வந்ததும் குழந்தையைப் பார்க்கவில்லை. அண்டாவைத்தான் பார்த்தார். "ஏம்மா, யானைக்கா ஊத்தப் போறோம்?" என்று கேட்டுவிட்டுப் பாதித் தண்ணீரை வாளியில் சாய்த்தார். தேவனாம்பட்டினத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். வயது எழுபதுக்கு மேல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் மட்டும் அவர் கைபட்டு வளர்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதில் ஒருவருக்கு இப்போது தலை வழுக்கை.

எங்கள் பக்கம் 'கொழந்தைக்கு ஊத்தறது' என்று சொன்னால் போதும். எண்ணெய் தேய்ப்பது, கைகால் உருவுவது, வெந்நீர் விளாவி ஊற்றுவது, துவட்டி ஏணையில் போடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். 'பேபி மசாஜ்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் மகளோடுதான்.

நான் புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். பிறந்து ஒரு நாளான குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கத் தெரியும். ஆனால் குழந்தைக்கு ஊற்றத் தெரியாது. என் மகள் பிறந்தபோது எல்லாம் மாமியார் பார்த்துக்கொண்டார்; நான் தள்ளி நின்று துண்டு பிடித்தேன். இப்போது அந்த மகளே பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், மாமியார் இல்லை, நான்தான் பாட்டி. ஐம்பத்தொன்பது வயதில் இந்த வேலை நமக்குத் தெரியாதே என்று உறைப்பது ஒரு மாதிரிதான் இருந்தது.

பேரன் அவசரக்காரன். முப்பத்தைந்தாவது வாரத்திலேயே, மார்கழிக் குளிரில் வந்துவிட்டான். 2 கிலோ 100 கிராம். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்தோம். கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதீங்க' என்ற அதட்டலும் இருக்கும் என்றுதான் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இங்கே நர்ஸே வந்து, டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை என் மகளின் நெஞ்சில் ஒட்டவைத்துத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டார். அவள் சாப்பிடப் போனால் மாப்பிள்ளையின் முறை. சட்டையைக் கழற்றிவிட்டு, என்னைக் கண்டால் வெட்கப்பட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கங்காரு முறை என்கிறார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தொடங்கியது. பெட்டி போதவில்லை, அம்மாக்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் கணக்கு. பிறகு பல வருடம் அதை ஏழை நாட்டு ஏற்பாடு என்றே பலர் நினைத்தார்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என ஐந்து நாடுகள், எடை குறைந்த 3,211 குழந்தைகள். நிலைமை சீரான பிறகு அம்மாவிடம் கொடுத்த குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் 15.7 சதவீதம். பிறந்த உடனேயே அம்மாவின் நெஞ்சில் போட்ட குழந்தைகளில் 12 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இதை என் தங்கையிடம் சொன்னபோது சிரித்தாள். "கொழந்தையை அம்மா மேல போட்டா நல்லதுன்னு கண்டுபிடிக்க அஞ்சு நாடு வேணுமாக்கா?"

வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். 'முதலில் மூச்சு சீராகட்டும், சூடு ஏறட்டும், அப்புறம் அம்மாவிடம் கொடுக்கலாம்' என்பதும் பொதுப்புத்திதான். காதுக்கு அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. இரண்டு பொதுப்புத்திகள் எதிரெதிராக நிற்கும்போது யார் பாட்டி பெரியவர் என்று பார்த்தா முடிவு செய்வது? எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

தை மாதக் கடைசியில் குழந்தை மூன்று கிலோவைத் தொட்டான். குழந்தை மருத்துவரும் சரி என்றார். ஆயாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வருவதற்கு முன்பே என் மகள் சட்டம் போட்டுவிட்டாள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் ஊதக் கூடாது. தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுக்கக் கூடாது. சாம்பிராணி கூடாது. மார்பைப் பிதுக்கக் கூடாது.

கடைசிச் சட்டத்துக்கு அவள் உடம்பிலேயே சாட்சி இருக்கிறது. அவள் பிறந்த இரண்டாவது வாரம் மார்பு லேசாக வீங்கியிருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு, ஆணோ பெண்ணோ, அப்படி வருவது உண்டு. தாயின் ஹார்மோன் குழந்தையின் ரத்தத்தில் கொஞ்சம் தங்கியிருக்கும். தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். என் மாமியார் விடவில்லை. 'பால் கட்டியிருக்கு, எடுத்துடணும்' என்று தினமும் பிதுக்கினார். நான் படித்தவள்தான், வாயைத் திறக்கவில்லை. அஞ்சாம் நாள் சிவந்து, காய்ச்சல் கண்டு, சீழ் வைத்து, கடைசியில் கீறித்தான் எடுத்தார்கள். இடது பக்கம் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. மாமியார் கெட்டவர் இல்லை. ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்தவரும் அவர்தான். அவருடைய அம்மா செய்ததை அவர் செய்தார்.

அதனால் 'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்று முடியும் வாட்ஸ்அப் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தழும்புதான் ஞாபகம் வரும். முட்டாள்கள் இல்லைதான். ஆனால் எது பலித்தது, எது தற்செயல், எது ஆபத்து என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு வழி இல்லை. எல்லாம் ஒரே குளியலில் கலந்து கிடந்தது.

சட்டங்களைக் கேட்டதும் ஆயாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்பறம் என்னாத்துக்கு என்னைக் கூப்ட்டீங்க?" என்றார். பிறகு குழந்தையைக் கையில் வாங்கி, தொடையை ஒரு பிடி பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, எண்ணெய எடு" என்றார்.

அடுத்த சிக்கல் எண்ணெய். மகள் ஒரு சின்ன பாட்டிலில் ஆலிவ் எண்ணெய் வாங்கி வைத்திருந்தாள். விலையைச் சொன்னால் வயிறு எரியும். ஆயா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். "செக்கு நல்லெண்ண இல்லியா?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ரிசல்ட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத பழைய புத்தி. தேடிப் படித்தேன். 2000-இல் டெல்லியில் 125 குழந்தைகளை ஐந்து குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்து ஆறு வாரம் போல ஆன குழந்தைகள். நாலு குழுவுக்கு நாலு விதமான எண்ணெய், ஐந்தாவது குழுவுக்கு மசாஜே இல்லை. நாலு வாரம் கழித்து அளந்தால், நீளத்திலும் கைகால் சுற்றளவிலும் முன்னால் நின்றது நல்லெண்ணெய்க் குழு. மசாஜுக்குப் பின் அதிக நேரம் தூங்கியதும் அவர்களேதான். 2005-இல் மும்பையில் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெயில் எடை வேகமாகக் கூடியது. அதே வருடம் டாக்காவில், தோல் காகிதம் போல இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. ஆனால் 2016-இல் மான்செஸ்டரில் நிறைமாதக் குழந்தைகள் 115 பேரை வைத்துப் பார்த்தபோது, ஆலிவும் சரி, அதே சூரியகாந்தியும் சரி, தோலின் மேலடுக்கில் இருக்கும் கொழுப்பு வரிசையாக அமைவதைக் கொஞ்சம் தடுத்தது. ஒரு குழந்தைக்குக் கவசமாக நின்ற எண்ணெய் இன்னொரு குழந்தைக்கு அப்படி நிற்கவில்லை.

காலையில் மகளிடம் சொன்னேன். ஆலிவ் பாட்டில் சமையலறைக்குப் போனது. டெல்லி ஆய்வு சின்னது, அதை வைத்து நல்லெண்ணெய்க்குக் கோயில் கட்டிவிட முடியாது என்றும் சொன்னேன். ஆனால் அன்று வெற்றி ஆயாவுக்கு. அதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே அவரைப் பிடிக்க முடியவில்லை.

இப்போது அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பின்கட்டில் வெயில் விழும் இடத்தில் மணையைப் போட்டு, புடவையை முட்டிவரை ஏற்றி, கால் இரண்டையும் நீட்டி உட்காருவார். குழந்தை அவர் முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் படுத்திருப்பான். அந்தப் பள்ளம் மூன்று கிலோவுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. எண்ணெயைக் குழந்தை மேல் நேராக ஊற்றவே மாட்டார். தன் உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் பறபறவென்று தேய்த்து, கையைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். பிறகுதான் குழந்தை. முதலில் உள்ளங்கால். அங்கே கட்டைவிரலால் ஒரு அழுத்து. குழந்தை காலை உதறுவதை நிறுத்தியதும் தொடை, இடுப்பு, வயிற்றில் கடிகாரம் சுற்றும் பக்கமாக நாலு சுற்று. அப்புறம் குப்புறப் போட்டுத் தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே இழுப்பு. நடுவில் கை எடுபடாது. ஒரு கை கணுக்காலில் முடியும்போது இன்னொரு கை தோளில் இறங்கியிருக்கும்.

அந்த இழுப்பை நான் எண்ணினேன். ஆய்வக வியாதி. ஹாலில் இருக்கும் கடிகாரத்தின் நொடி முள் பின்கட்டிலிருந்து தெரியும். தோளிலிருந்து கணுக்கால் வரை ஏழு விநாடி. மறுநாள் டேப் வைத்து அளந்தேன்: 35 சென்டிமீட்டர். விநாடிக்கு ஐந்து.

இதில் என்ன இருக்கிறது என்றால், நம் தோலில் மெதுவான தடவலுக்கென்றே சில நரம்பிழைகள் இருக்கின்றன. குத்துவது, சுடுவது போன்ற அவசரத் தகவலை அவை கண்டுகொள்வதில்லை. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனையில், பெரியவர்களின் கை நரம்பில் மெல்லிய ஊசி செருகி, ஒரு இயந்திரத் தூரிகையால் வெவ்வேறு வேகத்தில் தோலைத் தடவிப் பார்த்தார்கள். விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையான வேகத்தில்தான் அந்த இழைகள் அதிகம் துடித்தன. 'இதமாக இருக்கிறது' என்று ஆட்கள் சொன்னதும் அதே வேகத்துக்குத்தான். ஆயாவின் ஐந்து அந்த நட்டநடுவில் விழுகிறது. பெரியவர்கள் கையில் பார்த்ததைக் குழந்தை முதுகுக்கு அப்படியே தூக்கி வைக்கலாமா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் கணக்குப் போட்ட அந்தக் காகிதத்தை நான் கிழித்துப் போடவில்லை.

மேல்நாட்டிலும் பாட்டிகள் உண்டு, அவர்களும் குழந்தையைக் கொஞ்சியவர்கள்தான். ஆனால் நடுவில் ஒரு காலம் வந்தது. 1928-இல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், காலையில் வேண்டுமானால் கைகுலுக்குங்கள் என்று பெற்றோருக்கு எழுதினார். எதையும் எண்ணிப் பார்த்துச் சொன்ன அறிவியல் இல்லை அது. அறிவியல் சட்டை போட்ட ஒரு மாமனாரின் குரல். குறைமாதக் குழந்தைகளைக் கூடியவரை தொடாமல் வைக்க வேண்டும் என்ற மருத்துவமனை விதிக்கு வேறு காரணம் இருந்தது. ஊசி, குழாய் என்று ஒவ்வொரு முறை தொடும்போதும் அந்தக் குழந்தைகளின் ஆக்சிஜன் இறங்கியது. தொட்டால் கெடுதி என்று முடிவு கட்டினார்கள். யார் தொட்டார்கள், எப்படித் தொட்டார்கள் என்று பிரித்துப் பார்க்கவில்லை. என் மாமியார் செய்த தவறின் மறுபக்கம் இது.

அதைப் பிரித்துப் பார்த்தவர் டிஃபனி ஃபீல்டு என்ற அமெரிக்க உளவியலாளர். 1986-இல் மயாமியில் குறைமாதக் குழந்தைகள் 40 பேர். பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம், பத்து நாள், உடம்பை உருவிக் கைகாலை நீட்டி மடக்கினார்கள். மசாஜ் வாங்கிய குழந்தைகளின் அன்றாட எடைக் கூடுதல் 47 சதவீதம் அதிகம். ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். ஒரு குழந்தைக்கு 3,000 டாலர் போல மிச்சம். அவர்கள் கூடுதலாகப் பால் குடிக்கவும் இல்லை.

குடிக்காமல் எடை எப்படிக் கூடும்? அந்த ஆய்வில் கூட இருந்த சால் ஷான்பெர்க், எலிக்குட்டிகளை வைத்து வேலை செய்தவர். தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு வளர்ச்சி ஹார்மோன் இறங்கிவிடும். சூடு கொடுத்தாலும் போதாது, பால் கொடுத்தாலும் போதாது. ஈரத் தூரிகையால், தாய் எலி நாக்கால் நக்குவதுபோல அழுத்தித் தேய்த்தால் ஏறிவிடும். பிறகு குழந்தைகளிடம் பார்த்தபோது, மசாஜ் செய்யும்போது, மூளையிலிருந்து இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பு சுறுசுறுப்பாகி இரைப்பை நன்றாக அசைவது தெரிந்தது. குடித்த பால் உடம்பில் சேர்கிறது. 'எண்ண தேச்சு ஊத்துனாதான் குடிச்ச பால் ஒட்டும்' என்று ஆயா சொல்வதைக் கேட்டு இருபது வருடத்துக்கு முன் நான் சிரித்திருப்பேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அழுத்தம். மெத்தென்று பூப்போலத் தடவிய குழந்தைகளையும், ஓரளவு அழுத்தித் தடவிய குழந்தைகளையும் ஃபீல்டு குழுவினர் 2006-இல் ஒப்பிட்டார்கள். எடை கூடியது அழுத்தித் தடவியவர்களுக்குத்தான். லேசாகத் தடவினால் குழந்தைக்குக் கிச்சுகிச்சு மூட்டுவதுபோல ஆகிவிடுகிறது, பிடிப்பதில்லை. முதல் வாரமே ஆயா என்னிடம் சொன்னது: "மெத்துனு தடவுனா கொழந்தைக்குக் கூசும். போட்டு அழுத்துனா நோவும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கை இருக்குது. அது வரணும்."

நல்ல செய்தியை மட்டும் சொல்லி நிறுத்தினால் நானும் வாட்ஸ்அப் மாமா ஆகிவிடுவேன். 2004-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு குறைமாதக் குழந்தை மசாஜ் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நாளைக்கு ஐந்து கிராம் கூடுதல் எடை, நாலரை நாள் முன்னதாக வீடு. ஆனால் ஆய்வுகள் நடந்த விதத்தில் ஓட்டைகள் உண்டு என்றது. ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைகள் பற்றிய 34 ஆய்வுகளை 2013-இல் பார்த்தபோது இன்னும் கறாராக இருந்தார்கள்: ஆதாரம் பலவீனம், எல்லோருக்கும் சிபாரிசு செய்யும் அளவுக்கு இல்லை. கெடுதல் என்று எதுவும் தெரியவில்லை. என் மகளுக்கு இது ஏமாற்றம். எனக்கு இல்லை. ஒரு குழந்தை வெயிலில் இருபது நிமிடம் சந்தோஷமாகக் கிடப்பதற்கு 34 ஆய்வுகளின் கையெழுத்து தேவையில்லை. மூக்கில் எண்ணெய் விடுவதற்குத்தான் தேவை. அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

ஒரு சின்ன இடைச்செருகல். ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையம் பக்கம் ஒரு கஃபேயில் 'பேபி மசாஜ் வகுப்பு' நோட்டீஸ் பார்த்தேன். கட்டணத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தேன். பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபிரெடெரிக் லெபோயே 1970-களில் கல்கத்தாவில் ஒரு தாய் மணையில்லாமல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்துப் படம் எடுத்தார். அந்தத் தாயின் பெயர் ஷாந்தலா. பிரான்சில் இன்றைக்கும் அந்த மசாஜுக்கே அவர் பெயர்தான். நம் ஊர் எண்ணெய்த் தேய்ப்பு அங்கே போய், படித்து, சான்றிதழ் வாங்கி, இப்போது நம் பக்கமே திரும்பி வந்திருக்கிறது.

மாசி மகத்தன்று ஆயா வரவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார். "சாமியெல்லாம் கடலுக்கு வருது, நான் எங்க வர்றது?" தேவனாம்பட்டினத்தில் அன்று சுற்றுவட்டாரச் சாமிகள் அத்தனையும் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். தெருவே போய்விட்டது. நான் மணையைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு முட்டிவலி, கால் முழுசாக நீளவில்லை, பள்ளம் கோணலாக இருந்தது. எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்தேன், கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரிதான். குழந்தை மேல் கை வைத்ததும் பயம். குதிகாலில் ஊசி குத்தத் தெரிந்த கை, இப்போது விரல் நுனியால் தூசி தட்டுவதுபோலப் போகிறது. அவன் நெளிந்தான், காலை இழுத்துக்கொண்டான், முகத்தைச் சுளித்தான். "அம்மா, 2006!" என்றாள் மகள் கதவோரமிருந்து. சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் கை இறுக்கம் விட்டு உள்ளங்கை முழுசாகப் பதிந்தது. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. நாலாவதிலோ ஐந்தாவதிலோ அவன் நெளிவதை நிறுத்தினான்.

மறுநாள் ஆயா வந்து குழந்தையைப் பிரித்துப் பார்த்தார். "நேத்து ஊத்துனியா? மொதல்ல கூச்சம் காட்டியிருப்ப. அப்பறம் வந்துருக்கும்." எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்.

வேலை நடக்கும்போது சும்மா இருக்க முடியாமல் அமெரிக்கக் கதையை அவரிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, பத்து நாள், குழந்தைகள் ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனது, ஒரு குழந்தைக்கு அந்தக் காலத்திலேயே 3,000 டாலர் மிச்சம் என்பது வரை. டாலரை ரூபாயாக மாற்றியும் சொன்னேன். ஆயா கையை நிறுத்தவில்லை. தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரு இழுப்பு முடிந்தது.

"தடவுன பொம்பளைக்கு எவ்ளோ குடுத்தாங்களாம்?"

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.